மூன்றே முக்கால் கிலோ

அத்தியாயம் 6

"அத்தை, இது விமானமா, துணி காயப்போட்ட கொடியா?" என்றான் குண்டூசி.

கேள்வி நியாயமானதுதான். தகரக் கொட்டகைக்குள் பதினோரு குட்டி விமானங்கள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நாலு அலுமினியக் குழாய், இரண்டு துணி இறக்கை, ஒரே ஒரு இருக்கை, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின். யாராவது பலமாகத் தும்மினால் மூன்று கிளம்பிப் போய்விடும் போலிருந்தது.

"வாயை மூடு. மூக்கையும் மூடிக்கோ," என்றார் அத்தை.

குண்டூசி என்பது பட்டப்பெயர். ஆள் தொண்ணூற்றாறு கிலோ. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், "உன்னை ஏற்றினால் சரக்கு ஏற்ற இடமில்லை" என்று முதலாளி அனுப்பிவிட்டதாக அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். நாற்பத்திரண்டு வயதில் அத்தையிடம் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டான். அத்தையோ முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைப் பிடித்தவர். எரிந்த கடையின் சாம்பலை ஒரு சிட்டிகை முகர்ந்தாலே, தீ பிடித்ததா, பிடிக்கவைத்தார்களா, தீப்பெட்டி யார் சட்டைப்பையில் இருந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். அவர் ரிட்டயர் ஆன அன்று பாதி ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் இரண்டு மரங்கள் சாய்ந்தன.

அவர்களை வரவழைத்தவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசித் தழும்புகள், நாற்பத்தைந்து வயது. இங்கே நிற்கிற பதினோரு விமானங்களின் இறக்கைகளையும் தைத்தவள் அவள்தான். அவற்றில் சிவப்பு இறக்கை வைத்தது அவளுடையது. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு அவளே கட்டியது.

"நாங்க இதைத் தும்பின்னு சொல்லுவோம் மேடம்," என்றாள். "நூத்திப் பதினஞ்சு கிலோவைத் தாண்டாத வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம், டாக்டர் சீட்டு வேண்டாம், வருஷா வருஷம் ஆபீசர் வந்து முத்திரை குத்த வேண்டாம். ஊர் மேல பறக்காதே, இருட்டுல பறக்காதே, கூட யாரையும் ஏத்தாதே. அவ்வளவுதான் சட்டம்."

"விழுந்தா?" என்றான் குண்டூசி.

"நம்ம எலும்பு, நம்ம பாடு."

"நல்ல சட்டம். ஒரே வரியில முடிஞ்சுது."

"அதனாலதான் ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்கு எங்களை மாதிரி ஆளுங்க மேல போக முடியுது. இதோ இவர் சலூன் வச்சிருக்கார். இவரோட தும்பியிலதான் நான் ஒரு வருஷம் ஓட்டிப் பழகினேன்." அருகில் நின்ற சலூன்காரர், சீப்பு செருகிய சட்டையோடு வணக்கம் வைத்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை என் தும்பி முதல் தடவையா மேல போகணும் மேடம். இப்பப் பாத்து இது வந்திருக்கு."

அவள் நீட்டியது விமான அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ். பெயரில்லாத ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். சிவப்பு இறக்கைத் தும்பியின் எடை 118 கிலோ 250 கிராம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். அதிகாரி இன்று நாலு மணிக்கு நேரில் வருகிறார். கடிதம் உண்மையென்றால் இந்தத் தும்பிக்காரர்கள் சங்கத்துக்குக் கொடுத்த சலுகை ரத்து. இனி எல்லாத் தும்பிக்கும் லைசென்ஸ், டாக்டர், வருடாந்திரப் பரிசோதனை.

"அதுக்கெல்லாம் ஆகிற செலவுல இன்னொரு தும்பி வாங்கிடலாம்," என்றார் சலூன்காரர். "அப்புறம் நாங்க கீழயே நின்னு காக்காயைப் பாத்துக்க வேண்டியதுதான்."

"யார் எழுதினதுன்னு நாலு மணிக்குள்ள சொல்லுங்க மேடம். உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சுத் தர்றேன். உள்பாக்கெட் ஆறு."

"எட்டு," என்றார் அத்தை. கேஸ் ஒப்புக்கொள்ளப்பட்டது.

கொட்டகையின் பின்சுவரில் ஒரு கரும்பலகை. பதினோரு தும்பிக்கும் மாதவாரியாக எடை எழுதியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எடை போடுவது இங்கே வழக்கம். வாங்கும்போது ஒல்லியாக இருக்கிற தும்பி ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்து, மாமியார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி மெல்ல ஊதிவிடுமல்லவா?

எடை போடுகிறவர் தையல்காரியின் சொந்த அண்ணன். மளிகைக்கடைக்காரர். காதில் பென்சிலுக்குப் பதில் ஒரு சாக்பீஸ். தராசும் அவர் கடையில் மூட்டை நிறுக்கிற வட்டத் தராசுதான். கூரை உத்தரத்தில், வௌவால் மட்டுமே வசதியாகப் படிக்கிற உயரத்தில் தொங்கியது. நாலு பேர் சங்கிலி இழுத்துத் தும்பியைத் தூக்குவார்கள். கட்டியவர் கீழே நின்று அது ஆடாமல் இறக்கையைப் பிடித்துக்கொள்வார். அண்ணன் ஏணியில் ஏறி முள்ளைப் பார்த்து எடையைக் கூவுவார்.

"கட்டினவங்க ஏணி ஏறக் கூடாது. அது எங்க சங்கத்துச் சட்டம்," என்றார் அண்ணன். "பெத்தவன் கண்ணுக்குப் புள்ளை எப்பவும் இளைச்சுத்தான் தெரியும்."

"எங்க அண்ணன் கடையில முப்பது வருஷமா ஒரு கிராம் குறைஞ்சதில்ல மேடம். பொட்டலத்துக் காகிதத்தைக்கூடக் கழிச்சுட்டுத்தான் நிறுப்பார்," என்றாள் தங்கை. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது.

அவள் தன் தும்பியைச் சுற்றிக் காட்டினாள். காற்று முகத்தில் அறையாமலிருக்க முன்பக்கம் ஒரு வளைந்த பிளாஸ்டிக் கண்ணாடி, போன வருடத்துக்கு முந்தின வருடம் மாட்டியது. சக்கரங்களுக்கு மூடி, அதற்கப்புறம். இருக்கைக்குத் தானே தைத்த மெத்தை, அதற்கும் அப்புறம். மூக்கில் ஒரு பித்தளைத் தகடு. அதில் 'தங்கச்சி' என்று செதுக்கியிருந்தது.

"பேர் அண்ணன் வச்சது. தகடும் அவர் போட்டதுதான். போன வருஷம் என் பொறந்த நாளுக்கு."

குண்டூசி கரும்பலகையை அண்ணாந்து பார்த்தான். சலூன்காரரின் எடை 109, 109½, 110¼ என்று ஏறி, பெயின்ட்டைச் சுரண்டித் தேய்த்த பிறகு இறங்கியிருந்தது. 'தங்கச்சி'யின் வரியில் இருபத்திரண்டு மாதமாக 114½, 114½, 114½.

"என்னம்மா இது! கண்ணாடி, மூடி, மெத்தை, தகடு, இவ்வளவு தின்னும் உடம்பு ஏறலியே! என்ன டயட்டுன்னு கேட்டுச் சொல்லுங்க. என் பொண்டாட்டி கோயில் கட்டிக் கும்பிடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குண்டூசியின் ஜோக்குகளுக்குச் சிரிப்பதில்லை என்று அவர் வைத்திருந்த விரதம் அது.

"யார் மேல சந்தேகம்?" என்றார்.

பதில் பதினோரு வாயிலிருந்து ஒரே பெயராக வந்தது.

"கேப்டன்!"

*

கேப்டன் நடத்துவது பெரிய விமானப் பயிற்சிப் பள்ளி. லைசென்ஸ் கட்டாயமானால் தும்பிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் வாசலில்தான் வரிசையில் நிற்க வேண்டும். அவருடைய அறையில் ஏ.சி. போட்டிருந்த குளிருக்கு ஒரு பென்குவின் வந்திருந்தால் கம்பளி கேட்டிருக்கும். மேஜை அவ்வளவு நீளம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வர ஒரு சின்ன விமானம் வேண்டும்.

"நானா? பேர் போடாத லெட்டரா?" கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார். "எழுதணும்னு ஆசை இருந்தது, ஒத்துக்கறேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எவனோ முந்திக்கிட்டான்."

"இவ்வளவு நேர்மையா ஒருத்தர் அயோக்கியரா இருந்து நான் பாத்ததே இல்ல," என்றான் குண்டூசி.

"தேங்க்ஸ்."

"சரி, ஒரு பேச்சுக்கு நீங்கதான் எழுதறீங்கன்னு வச்சுக்குவோம்," என்றார் அத்தை. "எடை எவ்வளவுன்னு போடுவீங்க?"

"நூத்தி முப்பது."

"ஏன் நூத்தி முப்பது?"

"பொய்னு முடிவு பண்ணினப்புறம் எதுக்கும்மா கஞ்சத்தனம்?"

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூத்திப் பதினெட்டே கால்னு போட மாட்டீங்க?"

"கால் கிலோவெல்லாம் யாராவது கற்பனை பண்ணுவாங்களா? அதைப் போட்டவன் பாத்துட்டுத்தான் போட்டிருக்கான்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புரிந்து, கேப்டன் ஒரு விசில் அடித்தார். "அடேயப்பா. அப்போ நிஜமாவே அவ்வளவு எடை இருக்கா?"

அலுவலகத்தின் ஆலோசனைக் குழுவில் அவரும் ஒருவர். அதனால் கடிதத்தின் முழு நகல் அவரிடம் இருந்தது. அத்தை அதை வாங்கிப் படித்தார். மொத்தம் ஐந்தே வரி. நாலாவது வரிக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வரியில் என்ன இருந்தது என்று இங்கேயே சொல்லிவிட்டால் மீதி அத்தியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பொட்டலமா மடிப்பது?

*

"டேய், வண்டியை மெதுவா ஓட்டு. ஒரு கேள்வி," என்றார் அத்தை காரில். "ஒரு தும்பியோட எடையைத் திருட்டுத்தனமாப் பாக்கணும்னா எப்படிப் பாப்பே?"

"யாரும் இல்லாத நேரமா உள்ள புகுந்து, சங்கிலியில மாட்டி..."

"சங்கிலி இழுக்க நாலு பேர் வேணும். ஏணியில ஒருத்தன். கீழ இறக்கையைப் பிடிச்சுக்க ஒருத்தன். ஆறு திருடங்க கொட்டகைக்குள்ள புகுந்து, எதையும் தொடாம, எடையை மட்டும் பாத்துட்டு வீட்டுக்குப் போவாங்களா?"

"ஆறு பேரும் டாக்டருங்களா இருந்தா போவாங்க."

"அப்போ அந்த எண்ணை எங்க பாத்திருக்கணும்?"

குண்டூசி யோசித்தான். யோசித்த வேகத்தில் கார் தானாகவே இரண்டாவது கியருக்கு வந்தது. "வழக்கமா எடை போடற ஞாயித்துக்கிழமைதான். ஆனா அன்னிக்கு முள்ளைப் பாக்கறது ஒரே ஒருத்தர்தானே..." நிறுத்திக்கொண்டான். "அத்தை, அது இருக்காது."

"காலையில நீ ஒரு ஜோக் சொன்னியே. இன்னொரு தடவை சொல்லு."

"எது, உடம்பு ஏறாத தும்பியா?"

"அது ஜோக் இல்லடா. சாட்சி. கண்ணாடி ஏறியிருக்கு, மூடி ஏறியிருக்கு, மெத்தை ஏறியிருக்கு. எடை மட்டும் ஏறல. ஒரு பொருள் தின்னுட்டே இருந்து, தராசு மட்டும் அசையலைன்னா, கோளாறு பொருள்ல இல்ல."

குண்டூசி வண்டியைக் கொட்டகைப் பக்கம் திருப்பினான்.

*

மணி இரண்டு. 'தங்கச்சி' சங்கிலியில் தொங்கியது. நாலு பேர் இழுத்துப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். தையல்காரி வழக்கப்படி கீழே நின்று இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

"நீங்க இருங்க," என்றார் அத்தை. "குண்டூசி ஏறட்டும்."

"ஏணி தாங்காது மேடம்," என்றார் அண்ணன்.

"எனக்கும் அதே சந்தேகம்தான்," என்றான் குண்டூசி.

"அதுவும் இல்லாம, அவருக்கு இந்தத் தராசு பழக்கம் இல்ல. நான்தான்..."

"முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கப் பழக்கம் எதுக்கு?"

அண்ணன் ஏணியை விடவில்லை. முப்பது வருடம் மூட்டை தூக்கிய கை. அதைப் பிரிக்க நாலு யானை வேண்டும். தங்கைதான் சொன்னாள்: "விடுங்க அண்ணே. யார் பாத்தா என்ன, நம்ம எடை நம்ம எடைதானே?"

கை விட்டது. குண்டூசி ஏறினான். ஒவ்வொரு படியும் தன் கடைசி ஆசையைச் சொல்லி அழுதது. உச்சியில் போய் முள்ளைப் பார்த்தான், இறங்கி வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தான், பிறகு சொன்னான்.

"நூத்திப் பதினெட்டே கால்."

கீழே நின்றவர்கள் எல்லாரும் தராசை அண்ணாந்து பார்த்தார்கள்.

"தப்பாப் பாக்கறீங்க," என்றாள் தையல்காரி.

"ஆமா, அவருக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

அத்தை கடிதத்தை எடுத்தார். "அஞ்சு வரி. முதல் மூணு உங்களுக்குத் தெரியும். எடை இவ்வளவு, வரம்புக்கு மேல, அது பறக்கிறதுக்கு முன்னாடி வந்து நிறுத்துங்க. நாலாவது வரி: 'கட்டியவருக்கு இது தெரியாது.' அஞ்சாவது: 'அவருக்கு அபராதம் போட வேண்டாம்.'" மடித்தார். "எடை அதிகம்னு ஒரு எதிரிக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா அது அவளுக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்? மறைச்சவருக்குத்தான் தெரியும்."

யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ஆளுக்கொரு இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். தையல்காரி இறக்கையை விட்டாள். தும்பி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"அண்ணே?"

"கண்ணாடி மாட்டின அன்னிக்கு நூத்திப் பதினஞ்சைத் தாண்டிடுச்சு," என்றார் அண்ணன், தரையிடம். "கீழ உன் மூஞ்சியைப் பாத்தேன். சொல்ல வாய் வரல. பழைய எடையையே சொல்லிட்டேன். அடுத்த மாசம் மூடி. அப்புறம் மெத்தை. ஒரு தடவை சொன்ன பொய்யை மறுமாசம் எப்படிம்மா மாத்தறது?"

"சரி. அதை விடுங்க. லெட்டர் எதுக்கு?"

"நீ பறக்கப் போறேன்னு தேதி சொல்லிட்டியே! இறக்கை தாங்கலைன்னா? உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்ல. ஆபீசர் வந்து உன் ஒருத்தி தும்பியை நிறுத்திட்டா போதும்னு நெனச்சேன். இவங்க எல்லார் தலையிலயும் கை வைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ இந்த ரெண்டு வருஷமா பயம் வரலியா?"

அண்ணன் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவருக்கு உண்மை பேசுகிற ஜுரம் வந்திருந்தது.

"நீ எப்படியும் பறக்கப் போறதில்லைன்னு நெனச்சேன்மா. ஞாயித்துக்கிழமை பொழுது போக உனக்கு ஒரு தையல் வேலைன்னு நெனச்சேன். விமானம்னு நெனைக்கவே இல்ல."

தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி, சுருட்டி, பையில் வைத்தாள். அவ்வளவு நிதானமாக ஒரு நாடாவை யாரும் சுருட்டியிருக்க முடியாது.

"கடைக்கு வர்றவங்க யாருக்கும் ஒரு கிராம் குறைச்சதில்ல. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் மூணே முக்கால் கிலோ," என்றாள். "நான் ஊரெல்லாம் போய்ச் சொன்னேனே, எங்க அண்ணன், எங்க அண்ணன்னு."

பிறகு திரும்பினாள். "சலூன்காரரே, பத்தாம் நம்பர் ஸ்பானர்."

*

முதலில் கண்ணாடி, சட்டத்தோடு. ஆறு வாரம் சூடு காட்டி அவள் வளைத்தது. உச்சியில் உட்கார்ந்திருந்த குண்டூசி கூவினான்: "நூத்திப் பதினாறரை!"

இரண்டு சக்கர மூடிகள். "நூத்திப் பதினஞ்சே முக்கால்!"

மெத்தை. நாலு நிறத்து நூலில் தையல் போட்டது. தையல் பிரிக்கிற கத்தியால் ஒரே இழுப்பு. "நூத்திப் பதினஞ்சே கால்! இன்னும் கால் கிலோதாம்மா!"

அவள் தும்பியைச் சுற்றி வந்தாள். கழற்ற வேறு என்ன இருக்கிறது? எஞ்சின், இறக்கை, இருக்கை. இதில் எது இல்லாமலும் பறக்க முடியாது. சுற்றி வந்து மூக்குக்கு முன்னால் நின்றாள்.

ஸ்பானரைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் கேட்டாள்.

நாலு ஸ்க்ரூ. பித்தளைத் தகடு கையில் வந்தது. அதை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

"நூத்திப் பதினாலே முக்கால்!" என்று கூவினான் குண்டூசி. கைதட்டலாமா என்று பத்துப் பேர் கையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "அப்போ முடிஞ்சுது. ஆபீசர் வந்து நிறுப்பார், சரியா இருக்கும். லெட்டர் பொய்னு சொல்லிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"ஆமாம்மா," என்றார் அண்ணன் அவசரமாக. "இவர் சொல்றதுதான் சரி."

"இன்னொரு பொய்யா?" என்றாள் அவள். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை.

*

நாலு மணிக்கு வந்த அதிகாரி ஒல்லியானவர். அவருடைய பை மட்டும் கனமாக இருந்தது; உத்தரவு ஏற்கெனவே டைப் அடிக்கப்பட்டு அதற்குள் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. குண்டூசி ஏறியதிலேயே நொந்துபோயிருந்த ஏணியில் அவரே ஏறினார், முள்ளைப் பார்த்தார், இறங்கினார்.

"நூற்றுப் பதினாலு எழுநூற்றைம்பது. அப்போ கடிதம் பொய்."

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொய் இல்ல சார்," என்றாள் தையல்காரி. "ரெண்டு மணி வரைக்கும் நூத்திப் பதினெட்டே கால் இருந்தது. இதோ கழட்டினதெல்லாம் இங்க இருக்கு. இருபத்திரண்டு மாசமா பலகையில தப்பா எழுதியிருந்தோம்."

"யார் எழுதினது?"

"எங்க சங்கம்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

அதிகாரி பையின் மேல் கை வைத்தார். "அம்மா, நீங்களே உங்க எடையைச் சரியாப் போட்டுக்குவீங்கன்னு நம்பித்தான் அந்தச் சட்டம் சும்மா இருக்கு. உங்க தராசே பொய் சொன்னா, நான் எதை நம்பறது? அப்புறம் லைசென்ஸ், டாக்டர், இன்ஸ்பெக்டர்னு எல்லாரையும் கூப்பிட வேண்டியதுதான்."

"தராசு பொய் சொல்லல சார்," என்றார் அத்தை. "அது மேல இருந்துக்கிட்டு உண்மையைத்தான் சொல்லிட்டே இருந்தது. கீழ இருந்தவங்களுக்குத் தெரியலை. ஒரு ஆள் கண்ணால பத்து ஆள் பாத்ததுதான் தப்பு. அதுக்கு மருந்து இன்ஸ்பெக்டரா?"

சலூன்காரர் கண்ணைத் திறந்தார். திறந்தவர், வெளியே ஓடினார். கடை பக்கத்துத் தெருவில்தான். ஏழு நிமிடத்தில், தன்னைவிட உயரமான ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். சலூனில் பாதி ஷேவில் உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளரும் தன் முகத்தைத் தேடிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கண்ணாடியை எதிர்த் தூணில் சாய்த்துக் கட்டினார்கள். கொட்டகைக்குள் எங்கே நின்றாலும் அதில் உத்தரத்துத் தராசின் முள் தெரிந்தது.

"எண்ணெல்லாம் இடம் வலமாத் தெரியுதே?" என்றார் அதிகாரி.

"முப்பது வருஷமா கண்ணாடியைப் பாத்துத்தான் சார் வேலை செய்யறேன். இதுவரைக்கும் ஒருத்தர் காதும் விழுந்ததில்ல."

அதிகாரி கண்ணாடியைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். கழற்றிப் போட்ட கண்ணாடி, மூடி, மெத்தையைப் பார்த்தார். கடைசியாகத் தையல்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு இதுவரைக்கும் யாருமே, 'ரெண்டு மணி வரைக்கும் தப்பா இருந்தது'ன்னு சொன்னதில்லம்மா," என்றார். பையை மூடினார். "ஆறு மாசம். எந்த ஞாயித்துக்கிழமை வருவேன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவை பலகையும் முள்ளும் ஒத்துப்போகலைன்னா, இந்தக் காகிதம் பையை விட்டு வெளிய வந்துடும்."

"வாங்க சார். வந்தா ஷேவிங் இலவசம்," என்றார் சலூன்காரர்.

அதிகாரி போனதும் கொட்டகை ஒரே திருவிழா. பத்துப் பேர் குண்டூசியைத் தூக்க முயன்று, எட்டுப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தையல்காரி மட்டும் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். கை நீட்டினாள்.

"கடைக்காரரே, சாக்பீஸ்."

அண்ணனுக்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது கை தானாகக் காதுக்குப் போனது. சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டு 114½-களை அவள் அழிக்கவில்லை. அவற்றின் குறுக்கே, துணி வெட்டக் கோடு போடுகிற மாதிரி, நேராக ஒரு கோடு இழுத்தாள். அதன் முடிவில் 114¾ என்று எழுதினாள். சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்காமல் பலகையின் விளிம்பில், எல்லார் கைக்கும் எட்டும்படி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை..." என்றார் அண்ணன். "நான் வரலாமா?"

"மைதானம் பொது இடம்," என்றாள் அவள். "வேலிக்கு அந்தப் பக்கம் யார் வேணும்னாலும் நிக்கலாம்." மெத்தையில்லாத தன் தும்பியை இறக்க, சங்கிலியிடம் போனாள்.

அத்தை குண்டூசியைப் பார்த்தார். "என்னடா, ஒண்ணும் சொல்லலியா?"

"கோட்டுல உள்பாக்கெட் எட்டு வேண்டாம் அத்தை. ஆறே போதும்."

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். 'தங்கச்சி' என்று எழுதிய தகடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. முப்பது வருடப் பழக்கம் யாரை விட்டது? கை தன் போக்கில் அதை இரண்டு தடவை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தது.

அரை கிலோ. ஒரு கிராம் குறையவில்லை.